விமானத்தில் எந்தப் பக்கம் உட்காரலாம்? திருகோணமலைப் பயணிகளுக்குச் சில குறிப்புகள்

ஈச்சிலம்பற்றிலோ மூதூரிலோ பஸ் ஏறுகிற எவரும் வெயில் எந்தப் பக்கம் அடிக்கும் என்று பார்த்துத்தான் இடம் பிடிப்பார்கள். அதே ஆட்கள் விமானத்துக்குப் பதிகிறபோது, "யன்னலோரம் கிடைத்தால் போதும்" என்பதோடு நின்றுவிடுகிறார்கள். பிறகு ஏறியதிலிருந்து இறங்கும்வரை இறக்கையின் தகரத்தையே பார்த்துக்கொண்டு வருகிறார்கள். இலங்கைத்துறை முகத்துவாரம், வெருகல், சம்பூர், கிண்ணியா என்று இந்தப் பக்கத்துச் சனம் இன்று லண்டன், கனடா, வளைகுடா, சென்னை, திருச்சி என்று பறக்காத திசையில்லை. அவர்களை மனதில் வைத்துத்தான் இவற்றை எழுதுகிறேன். எல்லா விமானத்துக்கும் பொருந்துகிற 'நல்ல யன்னல்' என்று ஒன்று கிடையாது. போகிற திசை, புறப்படும் நேரம், காற்று மாறும் மாதம் மூன்றையும் பார்த்துத்தான் அன்றைய யன்னலைப் பிடிக்கவேண்டும்.

1. முதலில் எழுத்து. விமானத்தின் மூக்கைப் பார்த்தபடி உட்கார்ந்தால் 'ஏ' என்பது எப்போதும் இடப்பக்க யன்னல். வலப்பக்க யன்னலின் எழுத்து விமானத்துக்கு விமானம் மாறும். நடுவே ஒரே நடைபாதை உள்ள ஏ320, 737 வகைகளில் அது 'எஃப்'. இரண்டு நடைபாதை உள்ள ஏ330 போன்றவற்றில் பெரும்பாலும் 'கே'. சென்னை–யாழ்ப்பாணம் பறக்கும் ஏடிஆர் விமானத்தில் பக்கத்துக்கு இரண்டு ஆசனம்தான். அங்கும் யன்னல் 'ஏ', 'எஃப்'.

2. ஆசன எண்ணைத் தொடுமுன் திசையைப் பாருங்கள். வடக்கே போனால் வலப்பக்கம் கிழக்கு, தெற்கே போனால் இடப்பக்கம் கிழக்கு. காலையில் கிழக்குப் பக்க யன்னலில் சூரியன் நேரே முகத்தில் அடிக்கும். கடல் வெள்ளித் தகடாகப் பளபளக்குமே தவிர நிறம் தெரியாது. மேற்குப் பக்கத்தில் இருப்பவருக்கோ வெளிச்சம் முதுகுப் பக்கமிருந்து விழும். வயலும் குளமும் கடற்கரையும் துலக்கமாகத் தெரியும். பின்னேரம் இது அப்படியே மாறும். மார்கழி, தை மாதங்களில் சூரியன் நாள் முழுக்கத் தென்பக்கமே சாய்ந்து நிற்கும் என்பதால், கிழக்கு–மேற்காகப் பறப்பவர்கள் அந்த மாதங்களில் வடக்குப் பக்க யன்னலை எடுக்கலாம். ஏப்ரல் முதற்பாதியிலும் ஆகஸ்ட் கடைசி, செப்டெம்பர் தொடக்கத்திலும் நம் நாட்டில் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். அந்த நாட்களில் மத்தியான விமானமென்றால் எந்தப் பக்கமும் ஒன்றுதான்.

3. இந்தியாவிலிருந்து கொழும்பு வருகிறவர்கள் ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கடலில் கிடக்கும் இராமர் அணை மணல்திட்டுகளைப் பார்க்க எல்லோருக்கும் ஆசை. சென்னையிலிருந்து வந்தால் அது வலப்பக்கம். திருச்சியிலிருந்து வந்தால் இடப்பக்கம். காரணம் எளிது. சென்னையிலிருந்து, கொழும்பின் விமான நிலையமான கட்டுநாயக்கா ஏறத்தாழ நேர் தெற்கு. அந்தக் கோடு யாழ்ப்பாணக் குடாநாட்டை ஒட்டி இறங்குவதால் மன்னாரும் இராமேஸ்வரமும் மேற்கே, வலக்கைப் பக்கம் போய்விடும். திருச்சியிலிருந்து வரும் கோடு இராமநாதபுரம் கரையைத் தாண்டித் தென்கிழக்காக வருவதால் இராமேஸ்வரத் தீவு இடக்கைப் பக்கம் விழும். மேகமில்லாத நாளில் பாம்பன் கால்வாயும் அதன் மேலே கிடக்கும் பாலங்களும் கோடாகத் தெரியும். 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தின் பக்கத்திலேயே 2025 ஏப்ரல் 6இல் திறந்த புதிய தூக்குப்பாலம் நிற்கிறது. திரும்பிப் போகும்போது பக்கத்தை மாற்றிப் பதிய மறக்கவேண்டாம். போக 'ஏ' என்றால் வர 'எஃப்'.

சென்னையிலிருந்து வருகிறவர்கள் மன்னாரைத் தாண்டியதும் யன்னலை மூடிவிடாதீர்கள். அதே வலப்பக்கத்தில் கற்பிட்டி முனையும் புத்தளம் களப்பும் வரும். உப்பளப் பாத்திகள் வெள்ளை, சாம்பல், செம்மண் நிறக் கட்டங்களாகத் தெரிவது அங்கேதான்.

4. இனி நம்முடைய பாதை, கட்டுநாயக்காவிலிருந்து திருகோணமலை விமான நிலையமான சீனக்குடாவுக்கு. 'சினமன் எயார்' போன்ற சிறு விமானச் சேவைகள் இந்தப் பாதையில் பறந்திருக்கின்றன. தினசரிச் சேவை என்று நம்பிப் புறப்படாமல் நாளையும் நேரத்தையும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வான்வழியே ஏறத்தாழ 200 கிலோமீற்றர், திசை வடகிழக்கு.

போகும்போது வலப்பக்கம்தான் என் முடிவு. நேர்கோட்டில் போனால் குருநாகல், தம்புள்ளை, சிகிரியா, மின்னேரியா எல்லாமே வலக்கைப் பக்கம் கிடக்கும். அவற்றுக்குப் பின்னால் நக்கிள்ஸ் மலைத்தொடர் நீல மடிப்புகளாக நிற்கும். புறப்பட்ட சிறிது நேரத்தில் பின்புறமாகத் திரும்பிப் பார்த்தால், காற்று சுத்தமான அதிகாலையில் சிவனொளிபாதமலையின் கூம்பும் தெரியும். இடப்பக்கத்தில் பேர் சொல்லக் கூடியது கலாவெவ. அதுவும் பெரிய குளம்தான், ஆனால் மலைக்கு ஈடாகாது. சிகிரியாவில் இறங்கி ஏறுகிற விமானமென்றால் குன்றைச் சுற்றி வளைகையில் யாருக்குக் காட்சி கிடைக்கும் என்பது அன்றைய காற்றைப் பொறுத்தது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. காலையில் அந்த வலப்பக்கம் சூரியன் நிற்கும் பக்கமும் கூட. கண் கூசும், படம் சரியாக வராது. பின்னேரம் போனால் வெளிச்சம் சரியாக இருக்கும், ஆனால் அதற்குள் மலைநாட்டின் மேல் மேகம் திரண்டுவிடும். படம்தான் முக்கியம் என்பவர்கள் பின்னேரத்தையும், கண்ணால் பார்த்தால் போதும் என்பவர்கள் காலையையும் எடுக்கலாம். நான் காலைப் பக்கம். கூசினாலும் மலை இருக்கும் அல்லவா?

திரும்பி வரும்போது இதே மலைகள் இடப்பக்கம்.

5. கந்தளாய்க் குளம் இந்தப் பாதையில் ஏறத்தாழக் காலடியிலேயே வரும். எந்தப் பக்கம் இருந்தாலும் கொஞ்சம் குனிந்தால் பார்க்கலாம். 1986 ஏப்ரலில் உடைந்து ஊர்களை அடித்துக்கொண்டு போன அதே அணைக்கட்டுதான். அதைக் கண்டதும் கைத்தொலைபேசியைத் தயாராக வையுங்கள், இனி வருவதெல்லாம் அடுத்தடுத்து வரும். தம்பலகாமம் வயல்வெளி, அப்பால் தம்பலகாமக் குடா, அதன் வாயில் 2009 ஒக்டோபரில் திறந்த 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம், அதற்கப்பால் கொட்டியாரக் குடா. விமான நிலையத்தை அண்டிய காட்டுக்குள் வட்ட வட்டமாகத் தெரிபவை பிரித்தானியர் காலத்து எண்ணெய்க் குதங்கள். இந்தியாவுடனான 2022 ஜனவரி ஒப்பந்தத்தில் பங்கு பிரிக்கப்பட்டவை 99 குதங்கள். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட வந்தபோது விமானிகள் மேலிருந்து தேடிய அடையாளங்களில் இவையும் துறைமுகமும் அடக்கம். தரையில் நின்று பார்த்தால் மரங்களுக்கிடையே ஓரிரண்டுதான் தெரியும். அவற்றின் எண்ணிக்கை மேலிருந்துதான் விளங்கும்.

கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலையும் ஃபிரெட்ரிக் கோட்டையும் ஓடுபாதைக்குக் கிழக்கே, நகரத்துக்கு அப்பால். விமானம் எந்தப் பக்கமிருந்து இறங்குகிறது என்பதைப் பொறுத்து அது இடமும் ஆகலாம், வலமும் ஆகலாம். இதற்கு உத்தரவாதம் சொல்கிறவரை நம்பாதீர்கள்.

6. இலங்கைத்துறையை மேலிருந்து பார்க்கவேண்டும் என்பவர்களுக்குத் தனியே ஒரு குறிப்பு. சீனக்குடாவிலிருந்து முகத்துவாரம் தென்கிழக்கே 30 கிலோமீற்றர் அளவில் இருக்கிறது. கொழும்பிலிருந்து வந்து இறங்கும்போது வலப்பக்க யன்னலில், கொட்டியாரக் குடாவின் தென்கரைக்கு அப்பால் அது தொலைவாகத்தான் தெரியும். சரியாகப் பார்க்க மட்டக்களப்புப் பக்கமாகக் கரையோரம் பறக்கும் விமானம் அமையவேண்டும். அப்படி அமைந்தால், விமானம் கடல்மேல் போனால் வலப்பக்கம் பாருங்கள். சம்பூரைத் தாண்டியதும் வெள்ளை மணற்கோடு நீளும். அதற்குள்ளே உல்லைக்கழி களப்பு, கடலை எட்டிப் பிடிக்கிற இடத்தில் முகத்துவாரம், அருகே இலங்காபட்டுன விகாரை நிற்கும் கல்மலை. மழைக்காலத்தில் வாய் திறந்திருந்தால் களப்பின் தேயிலைச்சாய நீர் கடலுக்குள் விசிறியாகப் பரவி நிற்கும். கோடையில் மணல் அடைத்துவிட்டால் இரு நிறமும் ஒன்றையொன்று தொடாமல், நடுவே மணல் மட்டும் மெல்லிய வரியாகக் கிடக்கும். வாய் திறந்திருக்கிறதா, அடைத்துவிட்டதா என்று கரையில் நின்று மீனவர்கள் பேசிக்கொள்கிற விஷயத்தை மேலிருந்து ஒரே பார்வையில் அறியலாம். இன்னும் தெற்கே மகாவலியின் கிளையான வெருகல் ஆறு கடலில் விழும். பெருமழைக்குப் பிறகு கடல் அங்கே மைல்கணக்கில் மண்ணிறமாக இருக்கும்.

7. ஆனால் எட்டு, பத்துப் பேர் போகும் செஸ்னா கரவான் போன்ற விமானத்தில் 'ஏ', 'எஃப்' பேச்சுக்கே பெரும்பாலும் இடமில்லை. ஆளையும் பையையும் நிறுத்து, பாரம் சமமாக இருக்கும்படிதான் உட்காரச் சொல்வார்கள். பணிவாக, "வலப்பக்கம் முடியுமா?" என்று ஏறுமுன் கேட்பதில் தவறில்லை, மறுத்தால் வாதாட வேண்டாம், அது பாதுகாப்புக் கணக்கு. இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் எல்லா யன்னலுமே நல்ல யன்னல்தான். இறக்கையைத் தாங்கும் சாய்வுக் கம்பி முன்வரிசைக்காரருக்குக் கொஞ்சம் குறுக்கே நிற்கும். தண்ணீரில் இறங்கக்கூடிய வகை என்றால் கீழே மிதவைகளும் ஓரளவு மறைக்கும்.

8. பெரிய விமானத்தில் இறக்கையைத் தவிர்ப்பது எப்படி? ஏ320 வகையில் ஏறத்தாழ 10ஆம் வரிசை முதல் 20 வரை இறக்கைக்கு மேலேதான். விமானத்துக்கு விமானம் இது மாறும் என்பதால் ஆசன வரைபடத்தில் அவசர வழி எங்கே குறிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அதற்கு முன்னும் பின்னும் சில வரிசைகள் இறக்கையின் இடம். இறக்கைக்கு முன்னால் கிடைத்தால் அதுதான் முதல் தரம். பின்னால் இருந்தால் காட்சி அகலம்தான், ஆனால் எஞ்சினிலிருந்து வரும் சூட்டுக் காற்று யன்னலுக்கு வெளியே நெளிந்துகொண்டே இருக்கும். வெறுங் கண்ணுக்கு அது பெரிதாகத் தெரியாது. படத்தைப் பெருப்பித்துப் பார்த்தால் கரைகள் எல்லாம் கலங்கியிருக்கும்.

9. ஏடிஆருக்கு இந்தக் கணக்கு வேறு. அதிலும் இறக்கை மேலேதான். முன்பாதியில் சில வரிசைகளுக்கு நேரே விசிறியும் எஞ்சினும் நின்று மறைக்கும், சத்தமும் அங்கேதான் கூடுதல். ஏறும் கதவு பின்னால் இருப்பதால் பின்வரிசைக்காரர் முதலில் இறங்குவார்கள். ஆகவே பின்பாதியை எடுங்கள். யாழ்ப்பாணத்தின் பலாலியில் இறங்குகிறவர்களுக்குக் கோடிக்கரை முனை வலப்பக்கம் தெரிய வாய்ப்புண்டு, மிச்சமெல்லாம் கடல்தான். பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது 2019 ஒக்டோபர் 17இல். வடக்கு வழியாக ஊருக்கு வருகிற திருகோணமலைக்காரரும் இப்போது உண்டு.

10. யன்னல் இல்லாத 'யன்னலோரம்' என்று ஒன்று இருக்கிறது. போயிங் 737-800இல் இறக்கைக்குச் சற்று முன்னால், 10, 11ஆம் வரிசை அளவில், குளிர்காற்றுக் குழாய் சுவருக்குள் ஏறும் இடத்தில் யன்னல் வைக்க முடியாது. அங்கே வெறும் சுவர்தான் இருக்கும். கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு இப்படிப்பட்ட ஆசனங்களைக் கொடுத்தார்கள் என்று 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் டெல்டா, யுனைட்டட் இரு நிறுவனங்கள்மீதும் பயணிகள் வழக்குப் போட்டார்கள். பதியுமுன் 'ஏரோலோப்பா' என்ற தளத்தில் உங்கள் விமான வகையைத் தேடினால் எந்த வரிசைக்கு நேரே யன்னல் இருக்கிறது என்பதைப் படத்தில் காட்டும்.

11. பாதையை முன்கூட்டியே பாருங்கள். 'பிளைட்ராடார்24' செயலியில் உங்கள் விமான எண்ணைப் போட்டால் முந்தைய நாட்களில் அது எந்த வழியாக வந்தது என்று கோடு போட்டுக் காட்டும். இரண்டு மூன்று நாட்களின் கோட்டைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் தீர்மானியுங்கள். மேலே நான் சொன்ன இடம், வலம் எல்லாம் நேர்கோட்டுக் கணக்கு. விமானிக்கு மேகமும் நெரிசலும் வந்தால் அவர் நம்மைக் கேட்டுத் திரும்பமாட்டார்.

12. கட்டுநாயக்காவில் இறங்கும் பக்கம் காற்றோடு மாறும். விமானம் எதிர்க்காற்றில்தான் இறங்கும். ஓடுபாதை வடகிழக்கு–தென்மேற்காகக் கிடக்கிறது. வாடைக்காற்று வீசும் மாதங்களில் பொதுவாகக் கடல் பக்கமிருந்து, நீர்கொழும்புக் களப்பின் மேலாக வரும். அப்போது இடப்பக்கம் நீர்கொழும்பும் மீன்பிடிப் படகுகளும், வலப்பக்கம் தொலைவில் கொழும்பின் உயர்ந்த கட்டிடங்களும் தெரியும். தென்மேல் பருவக்காற்றின் மாதங்களில் உள்நாட்டுப் பக்கமிருந்து தென்னந்தோப்புகளின் மேலாக இறங்கும். அது இரு பக்கமும் ஒன்றுதான்.

13. மாதம். நம் கரைக்குச் சித்திரை முதல் ஆவணி வரை வானம் வெளித்திருக்கும். கச்சான் வீசும் வைகாசி, ஆனியில் கொழும்பில் மழை கொட்டும். புறப்பட்ட கொஞ்ச நேரத்துக்கு வெறும் வெள்ளை மேகம். மலையைத் தாண்டியதும் திரை விலகினமாதிரி கிழக்குப் பக்கம் பளிச்சென்று திறக்கும். நிலாவெளிக் கடலில் புறாமலைத் தீவைச் சுற்றியுள்ள பவளப்பாறை நிறம் காட்டுவதும் இந்த மாதங்களில்தான், அதுவும் வெயில் நன்றாக ஏறிய பிறகு. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் யன்னலுக்கென்று கூடுதல் காசு கொடுப்பது வீண்.

14. நேரம். பருவ மாற்ற மாதங்களான பங்குனி, சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடிமழை வழக்கம். அந்த மாதங்களில் காலை விமானமே நல்லது. இரவு விமானத்தில் யன்னலுக்குப் பணம் கொடுக்காதீர்கள். நடைபாதை ஓரம் எடுத்துக் காலை நீட்டிக்கொண்டு தூங்குங்கள். ஒரேயொரு விதிவிலக்கு, ஐரோப்பாவிலிருந்து இரவில் கிளம்பிக் காலையில் நம் பக்கம் வரும் விமானம். கோடை மாதங்களில் விடியல் இடப்பக்க யன்னலில்.

15. காசில்லாமல் யன்னல் பிடிக்க வழி: இணையவழிச் செக்-இன் பொதுவாகப் புறப்பட 24 முதல் 48 மணி நேரம் முன் திறக்கும். திறந்தவுடனே செய்யுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையிடம் டிக்கெட் எடுக்கச் சொல்லும்போது, "யன்னல்" என்று மட்டும் சொல்லாமல், "வலப்பக்கம், இறக்கைக்கு முன்னால்" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

16. படம் எடுப்போர்க்கு: ஏறியதும் உள்பக்கக் கண்ணாடியை மெல்லிய துணியால் துடையுங்கள், முன்பு இருந்தவரின் நெற்றி எண்ணெய் அதில் நிச்சயம் இருக்கும். பிளாஷை அணையுங்கள். கைத்தொலைபேசியைக் கண்ணாடியில் அழுத்தி வைக்காமல், தொட்டும் தொடாமலும் பிடியுங்கள். அழுத்தினால் விமானத்தின் அதிர்வு படத்துக்கு வரும். கறுப்புச் சால்வையோ கறுப்புச் சட்டையோ இருந்தால் கைத்தொலைபேசியைச் சுற்றி மறைத்தால் உள்வெளிச்சம் கண்ணாடியில் தெறிக்காது. போலரைஸ்ட் கூலிங் கிளாஸைக் கழற்றிவிடுங்கள், அதன் வழியே பார்த்தால் யன்னலில் வானவில் கோலங்கள் தோன்றும். யன்னலின் கீழ்ப்பக்கம் ஊசித்துளை ஒன்று தெரியும். பயப்படவேண்டாம், அழுத்தத்தைச் சமன்செய்யவும் கண்ணாடியில் பனி படியாமல் இருக்கவும் வேண்டுமென்றே போட்ட துளை.

17. வயிறு பிரட்டுகிறவர்கள், சின்னப் பிள்ளைகளுக்குச் சத்தி வரும் என்று அஞ்சுகிறவர்கள் காட்சியை விட்டுவிட்டு இறக்கைக்கு மேலே உள்ள ஆசனத்தை எடுங்கள். குலுக்கம் குறைவாகத் தெரிவது அங்கேதான். நீரிழிவுக்காரரும் முழங்கால் நோவுள்ளவரும் நீண்ட பயணத்தில் யன்னலுக்கு ஆசைப்பட வேண்டாம். ஒவ்வொரு முறையும் இரண்டு பேரை எழுப்பித்தான் கழிவறைக்குப் போகவேண்டியிருக்கும்.

18. ஏறும்போதும் இறங்கும்போதும் யன்னல் மறைப்பைத் திறக்கச் சொல்வது உங்களுக்குக் காட்சி காட்ட அல்ல. அவசரமென்றால் வெளியே தீயா புகையா என்று பணியாளர்கள் பார்க்கவேண்டும். கண்களும் வெளிவெளிச்சத்துக்குப் பழகியிருக்கவேண்டும். நடுவானில் மற்றவர்கள் தூங்கும்போது மறைப்பைப் பாதியாவது இறக்கிவிடுவது மரியாதை. போயிங் 787இல் இந்த மறைப்பே கிடையாது. பொத்தானை அமுக்கினால் கண்ணாடி கறுக்கும். பணியாளர்கள் எல்லா யன்னலையும் ஒன்றாகவே கறுக்க வைத்துவிடவும் கூடும்.

19. கடைசியாக ஒன்று, இது விளையாட்டல்ல. சீனக்குடா விமானப்படைத் தளம். விமானப்படைக் கல்லூரியும் அங்கேதான். பலாலியும் படை முகாமை ஒட்டியது. சக்கரம் தரையைத் தொட்டதும் கைத்தொலைபேசியைப் பைக்குள் வைத்துவிடுங்கள். நின்றிருக்கும் விமானங்களையோ கட்டிடங்களையோ படமெடுக்கவேண்டுமென்றால் அங்குள்ள அதிகாரியிடம் கேட்டு, அவர் அனுமதித்தால் மட்டும் எடுங்கள்.